நீலகிரி வெளிச்சத்துக்கு எந்த டெலிகன்வர்ட்டர்? 1.4, 2, அல்லது வேறு வழி

குன்னூர், கோத்தகிரி, மசினகுடிப் பக்கம் கேமராவோடு அலைகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். லென்ஸ் எட்டவில்லை. பறவை படத்தின் நடுவில் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் வாங்கினால் தீருமா? வாங்கினால் 1.4 மடங்கா, 2 மடங்கா? கையில் இருப்பது பெரும்பாலும் நிக்கான் 200-500, சிக்மா அல்லது டாம்ரான் 150-600, சோனி 200-600, கேனான் 100-400 இவற்றில் ஒன்றாக இருக்கும் (இந்த எண்கள் மி.மீ.யில் ஃபோகல் லெங்த், கூடினால் தூரம் எட்டும்). 600 எஃப் 4 போன்ற லென்ஸ் பல லட்சம் (எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அதிகம்). அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கன்வர்ட்டர் விலை சின்னதாகத் தெரியும். அதனாலேயே பலர் அதிகம் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்துப் பறவைக்கும் விலங்குக்கும் இந்த மலையில் 1.4 மடங்கு போதும், அதுவும் லென்ஸ் எஃப் 4 அல்லது எஃப் 5.6 ஆக இருந்தால் மட்டும். எஃப் 6.3 ஜூம் வைத்திருப்பவர் கன்வர்ட்டருக்கு வைத்த காசை வேறு பொருளில் போடுவது நல்லது. மேக்ரோவுக்கு, அதாவது பூச்சி, பூ போன்ற சின்னப் பொருள்களைக் கிட்டத்தில் பெரிதாக எடுப்பதற்கு, வந்தால் கணக்கு அப்படியே திரும்புகிறது. பறவைக்காரர்கள் ஒதுக்கி வைக்கிற 2 மடங்கு கன்வர்ட்டர்தான் அங்கே என் முதல் தேர்வு.

இதற்கான காரணம் கன்வர்ட்டர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து, லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை அது பெரிதாக்குகிறது. 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ், 1.4 போட்டால் 420 எஃப் 5.6 ஆகும், 2 போட்டால் 600 எஃப் 8 ஆகும். முன்னதில் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகிறது, பின்னதில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கன்வர்ட்டர் மாற்றாமல் விடும் விஷயங்கள் இரண்டு உண்டு, அவற்றைப் பலர் கவனிப்பதில்லை. லென்ஸின் முன்கண்ணாடி உள்வாங்கும் வெளிச்சம் அப்படியே இருக்கிறது. லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யுமோ, அந்தத் தூரமும் அப்படியே இருக்கிறது. முதலாவதை வைத்துப் பறவைக்கும் இரண்டாவதை வைத்து மேக்ரோவுக்கும் முடிவெடுக்கலாம்.

சோலைக்குள் காலை ஏழு மணி

கோத்தகிரி லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்வோம். 116 ஹெக்டேர்தான், 2024-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். வெளியே தேயிலைத் தோட்டத்தில் நல்ல வெயில் அடிக்கும்போதும் உள்ளே மரக்கூரைக்குக் கீழே மாலை நேரம் மாதிரி இருக்கும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், புதருக்குள், கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு ஈப்பிடிப்பான் உட்காரும். எஃப் 5.6-ல், நொடியில் 250-ல் ஒரு பங்கு ஷட்டரில், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200 வரை ஏறிவிட்டது என்று வையுங்கள். 1.4 போட்டால் ஐஎஸ்ஓ 6400, 2 போட்டால் 12800. அதோடு நிற்காது. ஃபோகல் லெங்த் கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும், ஷட்டரையும் கூட்டவேண்டி வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. "ஐஎஸ்ஓ ஏறினால் குருணை (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) ஏறும், அதனால் கன்வர்ட்டர் வேண்டாம், படத்தை வெட்டி க்ராப் பண்ணிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. முன்கண்ணாடி அதேதான், பறவையிலிருந்து வரும் வெளிச்சமும் அதேதான். கன்வர்ட்டர் அந்த வெளிச்சத்தை அதிகப் பிக்சல்கள் மேல் பரப்புகிறது, அவ்வளவுதான். ஷட்டரை மாற்றாமல் கன்வர்ட்டரோடு ஒன்று, இல்லாமல் க்ராப் செய்து ஒன்று எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால் குருணை ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே குருணைக்குப் பயந்து கன்வர்ட்டரை ஒதுக்கவேண்டியதில்லை. மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: ஆட்டோஃபோகஸ் ஓடுமா, லென்ஸ் அந்த அளவுக்குக் கூர்மையா, உங்கள் சென்சாருக்கு இன்னும் விவரம் தேவைப்படுகிறதா.

ஆட்டோஃபோகஸ்தான் பெரும்பாலும் கழுத்தைப் பிடிக்கும். பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகள் எஃப் 5.6 வரைதான் ஒழுங்காக ஃபோகஸ் செய்யும். பிந்தைய நல்ல பாடிகளில் நடுவில் உள்ள சில புள்ளிகள் மட்டும் எஃப் 8 வரை தாங்கும். நிக்கான் 200-500-ல் 1.4 போட்டால் சரியாக அந்த எஃப் 8-ல் போய் நிற்கிறோம். தொட்டபெட்டா சரிவில் வெயில் அடிக்கும்போது அது வேலை செய்யும். சோலைக்குள் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், பறவை போய்விடும். 2 போட்டால் எஃப் 11. டிஎஸ்எல்ஆரில் அந்தப் பேச்சே வேண்டாம். மிரர்லெஸ் பாடிகள் இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்துவிட்டன. கேனான் ஆர் 5, ஆர் 6 எஃப் 22 வரைக்கும் ஃபோகஸ் செய்யும். ஆனால் ஃபோகஸ் செய்யும் என்பது ஒன்று, மூடுபனியில் இலைகளுக்கு நடுவே வேகமாகப் பிடிக்கும் என்பது வேறு. கன்வர்ட்டரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: பறவை ஃபிரேமில் பெரிதாகத் தெரிவதால், கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி கன்வர்ட்டரோடு சில நேரம் நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்தது சென்சார். 24 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) பாடியில் 1.4 அளவுக்கு க்ராப் செய்தால் 12 மெகாபிக்சல் மிஞ்சும், 2 அளவுக்குச் செய்தால் 6 தான். அங்கே கன்வர்ட்டர் உண்மையிலேயே உதவும். 45 மெகாபிக்சல் பாடியில் 1.4 க்ராப்புக்குப் பிறகும் ஏறத்தாழ 23 இருக்கும், அதை வைத்துப் பெரிய பிரிண்டே போடலாம். 24 அல்லது 32 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்னச் சென்சார்) பாடியில் பிக்சல்கள் ஏற்கெனவே நெருக்கமாக இருக்கின்றன. எஃப் 9-க்கு மேல் போனால் டிஃப்ராக்‌ஷன் (சின்னத் திறப்பு வழியே வரும் ஒளி விரிந்து பிம்பம் மங்குவது) அந்த நெருக்கத்தைத் தின்றுவிடும், கன்வர்ட்டர் புதிதாக ஒன்றும் எழுதித் தராது. அதனால் ஏபிஎஸ்-சி பாடியும் எஃப் 6.3 ஜூமும் வைத்திருப்பவருக்கு என் பதில் சுருக்கமானது. வாங்காதீர்கள், க்ராப் செய்யுங்கள்.

லென்ஸ் வாரியாக

சிக்மா 150-600 கன்டெம்பரரிக்குச் சிக்மாவே டிசி-1401 என்று 1.4 தருகிறது. டாம்ரான் 150-600 ஜி2-வுக்கு டிசி-எக்ஸ்14, டிசி-எக்ஸ்20 இரண்டும் உண்டு. பொருந்துகின்றன, கம்பெனியே செய்தவைதான். ஆனால் 600-ல் எஃப் 6.3, 1.4 போட்டால் 840 எஃப் 9. அந்த ஜூம்கள் 600 முனையில் கொஞ்சம் மென்மையாகத்தான் இருக்கும், கூர்மைக்கு எஃப் 8 வரை மூடுகிறோம். மென்மையான பிம்பத்தைப் பெரிதாக்கினால் மென்மையும் பெரிதாகும். 2 போட்டு 1200 எஃப் 13 என்பதெல்லாம் நிலாவைப் படம் எடுக்க உதவலாம். அதற்கும் மூடுபனி இல்லாத இரவு வேண்டும்.

சோனி 200-600-ம் 600-ல் எஃப் 6.3 தான். ஆனால் அந்த ஜூம் மற்ற இரண்டையும் விட முனையில் கூர்மையானது. 24 அல்லது 33 மெகாபிக்சல் ஃபுல்ஃபிரேமில், வெயிலில், சோனியின் 1.4 போட்டு வேலை வாங்கலாம். சோலைக்குள் கழற்றிவிடுங்கள்.

நிக்கான் 200-500 எஃப் 5.6-ல் டிசி-14இ 3 போட்டு 700 எஃப் 8 என்பது இந்த மலையில் பலரும் பயன்படுத்தும் ஜோடி. பாடி எஃப் 8 தாங்கினால் நான் அதை ஏற்பேன். டிஎஸ்எல்ஆரில் பயன்படுத்தினால் ஃபோகஸ் ஃபைன்டியூனை (ஃபோகஸ் பிசகைத் திருத்தும் மெனு வசதி) லென்ஸுக்குத் தனியாக, கன்வர்ட்டரோடு தனியாகச் செய்துகொள்ளுங்கள். சின்ன ஃபோகஸ் பிசகையும் கன்வர்ட்டர் பெரிதாக்கிக் காட்டும். மிரர்லெஸ் பாடியில் இந்த வேலை மிச்சம்.

70-200 எஃப் 2.8 வைத்திருக்கும் கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் காட்டுக்கு வரும்போது மட்டும் 2 மடங்கை யோசிக்கலாம். 140-400 எஃப் 5.6 கிடைக்கிறது, ஆட்டோஃபோகஸ் ஓடுகிறது. இவர்களுக்குத் தனியாக ஒரு 100-400 வாங்கும் செலவும் சுமையும் குறைகிறது. கூர்மையில் 100-400 தான் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வருஷத்துக்கு ஓரிரு முறை காட்டுக்கு வருபவருக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல.

300 எஃப் 4 தான் கன்வர்ட்டருக்கென்றே அமைந்த லென்ஸ் என்பேன். கேனானின் பழைய 300 எஃப் 4 எல் ஐஎஸ் ஆகட்டும், நிக்கானின் சின்னஞ்சிறு 300 பிஎஃப் ஆகட்டும், 1.4 போட்டால் 420 எஃப் 5.6. கழுத்தில் மாட்டிக்கொண்டு அவலாஞ்சிப் பக்கம் ஏறி இறங்கலாம். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் 150-600-ஐ விற்றுவிட்டு இதை வாங்கச் சொல்வேன், அதற்கான மிச்சக் காரணம் மேக்ரோ பகுதியில் வருகிறது.

இன்னொன்று, முதுமலையில் தூரம் பல நேரம் பிரச்சினையே இல்லை. தெப்பக்காடு-மசினகுடி சாலையில் யானை ரோட்டோரத்திலேயே நிற்கும். 200-500-ல் 1.4 மாட்டியிருந்தால் குறைந்தபட்சமே 280 மி.மீ. யானையின் காது மட்டும் ஃபிரேமில் அடங்கும். "இங்க நிறுத்தக் கூடாதுங்கண்ணா, ஃபாரஸ்ட்காரங்க ஃபைன் போட்டுருவாங்க" என்று டிரைவர் வண்டியை உருட்டிக்கொண்டே இருப்பார். அவர் செய்வது சரி. அந்த ஐந்து நொடியில் கன்வர்ட்டரைக் கழற்ற முடியாது. காட்டு வண்டியில் ஏறும் முன்பே கழற்றிப் பையில் போடுங்கள். தேயிலைத் தோட்டத்துக் காட்டுமாட்டுக்கும் இதே பேச்சுதான். அதற்கு 100-400 தாராளம், பாதுகாப்பான தூரம் விட்டே எடுக்கலாம்.

தூரம் உண்மையிலேயே பிரச்சினையாகும் இடம் மாயாறு பள்ளத்தாக்கு. பாறுக் கழுகுகள் அந்தப் பக்கம்தான். உச்சியில் சுற்றும் கழுகுக்கு எந்த லென்ஸும் போதாதுபோல் தோன்றும், கை தானாக 2 மடங்கைத் தேடும். ஆனால் அது மழைமறைவுப் பக்கம். புதர்க்காடு, வெயில் ஏறியதும் தரையிலிருந்து அனல் எழும்பிக் காற்றே நெளியும். அந்த நெளிவையும் கன்வர்ட்டர் பெரிதாக்கும். பத்து மணிக்குப் பிறகு 1000 மி.மீ.யில் எடுத்த கழுகும் 500-ல் எடுத்து க்ராப் செய்த கழுகும் ஒரே அளவு தெளிவில்லாமல்தான் இருக்கும். காலையில் சீக்கிரம் போவதற்கு ஈடாக எந்தக் கண்ணாடியும் இல்லை. முக்குருத்திப் பக்கம் எதிர்ச்சரிவில் நிற்கும் வரையாட்டுக்கும் அப்படியே, அங்கே அனலுக்குப் பதில் மூடுபனி.

மேக்ரோவில் கணக்கு மாறுவது ஏன்

லென்ஸ் ஃபோகஸ் செய்யும் குறைந்தபட்சத் தூரம் மாறுவதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதன் பலன் இங்கேதான் தெரியும். 300 எஃப் 4 ஒன்றரை மீட்டரில் நின்று, பொருளைச் சென்சாரில் அதன் நிஜ அளவின் 0.24 மடங்காகக் காட்டும். அதே ஒன்றரை மீட்டரில் 1.4 போட்டால் 0.34, 2 போட்டால் 0.48. ஃபுல்ஃபிரேமில் 0.48 என்றால் 7.5 செ.மீ. அகலமுள்ள பொருள் ஃபிரேமை நிரப்பும். கல்லாறு, பர்லியாறு பக்கம் ஈரமண்ணில் வந்து உட்காரும் தமிழ் மறவன், நம் மாநிலப் பட்டாம்பூச்சி, சிறகை விரித்தால் ஆறேழு செ.மீ. ஒன்றரை மீட்டர் தள்ளி மண்டியிட்டு, அது பறக்காமலே ஃபிரேமை நிரப்பலாம். 100 மி.மீ. மேக்ரோவோடு இதே படத்துக்குப் போனால் நிழல் விழுந்தாலே பறந்துவிடும்.

100-400 ஜூம்களிலும் இந்த வசதி உண்டு. கேனான் 100-400 இரண்டாம் பதிப்பு 0.31 மடங்கு காட்டும், 1.4 போட்டால் 0.43. சோனியின் 100-400 ஜிஎம் 0.35 லிருந்து 0.49-க்குப் போகும். பட்டாம்பூச்சி, தட்டான், பாதையோர ஆர்க்கிட் எல்லாவற்றுக்கும் இது போதும். காட்டுப்பாதையை விட்டு இறங்கக் கூடாத இடங்களில் இதுதான் ஒரே நாகரிகமான வழியும்கூட. ஒரு பூவைக் கிட்டப்போய் எடுக்கப் புல்வெளியை மிதித்துக்கொண்டு போகவேண்டியதில்லை.

இப்போது அசல் மேக்ரோ. 100 அல்லது 105 மி.மீ. லென்ஸ் 1:1 (சென்சாரில் பொருளின் நிஜ அளவு) காட்டும்போது, லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் 14 செ.மீ. இருக்கும். 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதே 14 செ.மீ.யில் நின்று 2:1 பெறலாம். அல்லது லென்ஸை அரை மடங்கில் நிறுத்தி, சுமார் 10 செ.மீ. கூடுதலாகத் தள்ளி நின்று அதே 1:1 பெறலாம். இந்த இரண்டாவது வசதிக்காகவே நான் 2 மடங்கைச் சிபாரிசு செய்கிறேன். ஊட்டி வேலிகளில் வெயில் காயும் சேலியா ஓணான், நீலகிரியிலும் பழனி மலையிலும் மட்டுமே வாழ்வது, அந்தக் கூடுதல் தூரத்தில் நம்மைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசருக்கும் இடம் கிடைக்கும். குழிவிரியனைப் படம் எடுக்கிறவருக்கு அந்தப் பத்து செ.மீ. எதற்கு என்று சொல்லவே வேண்டாம். அதற்கும் மேலே தள்ளி நிற்பது இன்னும் நல்லது, பாம்புக்கு 300-ஐயே எடுங்கள்.

வெளிச்சம் போகாதா? போகும், இரண்டு ஸ்டாப். ஆனால் இங்கே வெளிச்சம் மரக்கூரையை நம்பியில்லை, ஃபிளாஷ் தருகிறது. பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்த ஃபிளாஷ் பதினாறில் ஒரு பங்கு சக்தியில் எரிந்துகொண்டிருந்தால் இனி நான்கில் ஒரு பங்கில் எரியும், அவ்வளவுதான். ஆட்டோஃபோகஸ் போகாதா? போகட்டும். 1:1-க்கு மேல் யாரும் ஆட்டோஃபோகஸை நம்புவதில்லை, உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்துத்தான் பிடிக்கிறோம். கூர்மை? மேக்ரோ லென்ஸ்கள் எல்லா லென்ஸ் வகைகளிலும் கூர்மையானவை, பெரிதாக்கினால் தாங்கும். பறவை லென்ஸில் 2 மடங்கைத் தோற்கடித்த மூன்று காரணங்களும் இங்கே பலமிழந்து போகின்றன.

கவனிக்கவேண்டியது அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. ஈரப்புல்வெளியில் அழுகண்ணிச் செடியைப் பார்த்திருப்பீர்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் இலை, அதைச் சுற்றிச் சிவந்த முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பசைத்துளி. 1:1-ல் அந்த இலை ஃபிரேம் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். 2:1-ல் துளிக்குள் வானம் தெரியும் அளவுக்கு வரும். எல்லா முடியும் ஃபோகஸில் வரட்டும் என்று லென்ஸை எஃப் 8-க்கு மூடினால், 2 மடங்கு கன்வர்ட்டரும் நெருக்கமும் சேர்ந்து சென்சாரில் அது எஃப் 32 போல நடந்துகொள்ளும். டிஃப்ராக்‌ஷனால் துளியின் விளிம்பு கரைந்துவிடும். அவ்வளவு மூடியும் ஃபோகஸ் ஆழம் அரை மில்லிமீட்டர்தான். லென்ஸை எஃப் 4, எஃப் 5.6-க்குள் வைத்துக்கொள்ளுங்கள், பாடியில் அது எஃப் 8, எஃப் 11 என்று காட்டும். காற்று ஓய்ந்த நேரத்தில் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திச் சில படங்கள் எடுத்துப் பிறகு கணினியில் சேர்ப்பதுதான் சரியான வழி.

கன்வர்ட்டர் இல்லாத வழிகள்

எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடியே இல்லை, வெறும் வளையம், அதனால் விலையும் குறைவு. 50 மி.மீ. லென்ஸில் 50 மி.மீ. டியூப் போட்டால் 1:1 வந்துவிடும். நீண்ட லென்ஸில் அதன் பலன் சுருங்கும். 300-ல் 36 மி.மீ. டியூப் போட்டால் 0.24 கிட்டத்தட்ட 0.36 ஆகும், 1.4 கன்வர்ட்டர் தருவதும் ஏறத்தாழ அதேதான். ஆனால் டியூப் போட்டால் இன்னும் கிட்டப் போகவேண்டும், தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. பட்டாம்பூச்சி எடுத்துக்கொண்டிருக்கும்போது மேலே கழுகு போனால் வேடிக்கைதான் பார்க்கலாம். மூடுபனியில் நின்று லென்ஸைக் கழற்றி மாட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு, குறிப்பாகக் கல்லூரி மாணவருக்கு, என் பதில் ரேனாக்ஸ் டிசிஆர்-250. லென்ஸின் முன்னால் கிளிப் மாதிரி மாட்டும் குளோஸப் லென்ஸ், 8 டயாப்டர் (பெரிதாக்கும் சக்தியின் அளவு), 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸுகளில் உட்காரும். கேமரா செட்டோடு வந்த 55-250 ஜூமில் 250-ல் மாட்டினால் ஏறத்தாழ 2:1 கிடைக்கும். வெளிச்சம் குறையாது, பாடியிலிருந்து லென்ஸைக் கழற்றவேண்டாம், தூரத்துப் படம் வேண்டுமென்றால் இரண்டு நொடியில் எடுத்துவிடலாம். குறை என்றால், பூச்சிக்கு 11, 12 செ.மீ.யில்தான் நிற்கவேண்டும், ஜூம் அகலத்தில் மூலைகள் இருண்டுபோகும். அந்த நெருக்கம் வேண்டாம் என்றால் டிசிஆர்-150 எடுக்கலாம், அது 4.8 டயாப்டர், சுமார் 20 செ.மீ. தள்ளி நிற்கலாம், 300 மி.மீ.யில் ஏறத்தாழ 1.4 மடங்கு. மரத்தவளைக்கு இது மிகப் பொருத்தம். இங்குள்ள புதர்த்தவளைகள் பல இரண்டு, இரண்டரை செ.மீ. தான், 1:1-க்குக் குறைவாகவே போதும். ஒரே தவளையின் கண்ணில் திரும்பத் திரும்ப ஃபிளாஷ் அடிக்காமல் இரண்டு மூன்று படத்தோடு நகர்ந்துவிடுங்கள். கையில் பிடித்து இலை மேல் வைப்பது வேண்டவே வேண்டாம்.

எது எதில் உட்காரும்

வாங்கும் முன் அதிகம் அலசவேண்டிய பகுதி இது. மேக்ரோவுக்கு 2 மடங்கு என்று நான் சொன்னாலும் உங்கள் மேக்ரோ லென்ஸ் அதை ஏற்காமல் போகலாம்.

கேனானின் சொந்த எக்ஸ்டென்டர்களில் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்பக்கம் அதற்கு இடமுள்ள டெலி லென்ஸுகளில்தான் போகும். இஎஃப் 100 எல் மேக்ரோவில் போகாது, வேறு கம்பெனியான கெங்கோவின் டெலிபிளஸ் கன்வர்ட்டர் போகும். இஎஃப் 180 மேக்ரோ கேனானின் எக்ஸ்டென்டரையே ஏற்கும். ஆர்எஃப் 100 மேக்ரோ ஏற்காது, ஆனால் அது தனியாகவே 1.4 மடங்கு காட்டும். ஆர்எஃப் 100-500-ல் எக்ஸ்டென்டர் மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் இறங்காது. அப்படியே நீட்டிக்கொண்டுதான் பையில் வைக்கவேண்டும், அதற்கேற்ற பை இருக்கிறதா என்று பாருங்கள்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 105 விஆர் மேக்ரோவில் நிக்கான் கன்வர்ட்டர்கள் உட்காரும், ஆட்டோஃபோகஸை எதிர்பார்க்காதீர்கள். இசட் மவுண்ட் எம்சி 105 ஏற்காது. இசட் 100-400, 180-600 இரண்டும் ஏற்கும். சோனியில் 90 மேக்ரோ ஏற்காது. ஆனால் 2023-ல் வந்த 70-200 எஃப் 4 மேக்ரோ ஜி 2 ஒரு அருமையான விதிவிலக்கு. எல்லா ஜூம் அளவிலும் 0.5 மடங்கு காட்டும், சோனியின் 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் 1:1. சோனி பாடியோடு மலையேறுகிறவர் ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். சோனி மவுண்டில் சிக்மா, டாம்ரான் லென்ஸுகளுக்குக் கன்வர்ட்டரே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். சிக்மா 105 மேக்ரோ ஆர்ட், எல் மவுண்டில் கன்வர்ட்டரை ஏற்கும், அதே லென்ஸ் சோனி மவுண்டில் ஏற்காது. ஃபுஜியின் 80 மேக்ரோ 1.4, 2 இரண்டையும் ஏற்கும். ஓஎம் சிஸ்டத்தின் 90 மேக்ரோவே 2:1, அதில் 2 மடங்கு போட்டால் 4:1. மேக்ரோ மட்டுமே குறி என்றால் அதைத் தாண்டிப் போகவேண்டியதில்லை.

ஏற்காத லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்படவேண்டாம். மேலே சொன்ன 90, 100, 105 மேக்ரோக்கள் எல்லாவற்றுக்கும் ஃபில்டர் அளவு 62 அல்லது 67 தான், ரேனாக்ஸ் உட்காரும்.

கெங்கோ கன்வர்ட்டர் கம்பெனிக் கன்வர்ட்டரை விட மலிவு. மேக்ரோவுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். டெலிக்கு, அதுவும் இந்த மலையில், கம்பெனிக் கன்வர்ட்டர்தான். காரணம் கூர்மை மட்டுமில்லை, ஈரம். கன்வர்ட்டர் மாட்டினால் ஒரு இணைப்புக்குப் பதில் இரண்டு இணைப்பு. கம்பெனிக் கன்வர்ட்டர்கள் பலவற்றில் ரப்பர் சீல் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், அவலாஞ்சிப் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் காற்றே தண்ணீராக இருக்கும். கன்வர்ட்டர் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் அது சென்சாருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். குளிரிலிருந்து சூடான காருக்குள் வந்த உடனே எதையும் கழற்றாதீர்கள், பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

வாங்கும் முன் முடிந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அது முடியாவிட்டால் கடையிலேயே சோதிக்கலாம். உங்கள் பாடியும் லென்ஸும் கொண்டுபோங்கள். எதிர்ச்சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டச் சொல்லி, லென்ஸை எங்காவது அசையாமல் ஊன்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து கன்வர்ட்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம். இரண்டையும் ஒரு ஸ்டாப் மூடி மறுபடி. கன்வர்ட்டர் இல்லாத படத்தை க்ராப் செய்து பெரிதாக்கி, பொடி எழுத்து எதில் நன்றாகப் படிக்க முடிகிறது என்று பாருங்கள். முழுத் திறப்பிலேயே கன்வர்ட்டர் படம் தெளிவாக இருந்தால் வாங்கலாம். ஒரு ஸ்டாப் மூடினால்தான் ஜெயிக்கிறது என்றால், அந்த ஸ்டாப் லாங்வுட்டில் உங்களிடம் இருக்காது. செகண்ட் ஹேண்ட் என்றால் செல்போன் டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.